பிஷப் ருசி பார்த்த மட்டி

எதெல்மிராவின் வீடு கடற்கரையில் பாதி வழியில் நின்றது. அதை இழுக்க வந்த நாங்கள் எல்லாரும் கரைமேட்டுப் புதர்களுக்குள் குந்தியிருந்தோம். நுகம் பூட்டிய மாடுகள் மட்டும் ஒன்றும் புரியாமல் அசைபோட்டபடி நின்றன. கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

எதெல்மிராவின் புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. வீடு அவளுடையது. வீடு நின்ற நிலம் கொழுந்தன் பிலிதோருடையது. பிலிதோர் அந்த நிலத்தைச் சால்மன் மீன் வளர்க்கும் கம்பெனிக்கு விற்றுவிட்டான். பிப்ரவரி முடியும்வரை இருந்துகொள் என்றார்கள். பிப்ரவரி முடிந்தது. திங்கட்கிழமை மண் வாரும் இயந்திரம் வருகிறது என்று சொல்லியனுப்பினார்கள்.

சிலி நாட்டின் தெற்கே, எங்கள் சிலோயே தீவில் வீட்டை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் இல்லை. மரவீடுதானே. அடியில் நீளமரம் கொடுத்து, மாடு பூட்டி, ஊரே சேர்ந்து கடலுக்கு இழுத்துக்கொண்டு போவோம். காலி டிரம்களைச் சுற்றிக் கட்டினால் கடல் ஏற்றத்தில் மிதக்கும். பிறகு படகு கட்டி எதிர்க்கரைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். இந்தக் கூட்டு வேலைக்கு மிங்கா என்று பேர். கூலி கிடையாது. வீட்டுக்காரி நேரில் வந்து கூப்பிட வேண்டும், வந்தவர்களுக்கு வயிறு முட்டப் போட வேண்டும். கூப்பிடாதவன் வரமாட்டான். வந்தவன் வயிறு காய்ந்து திரும்பினால் அந்த வீட்டுப் பேர் பேரன் காலம்வரை நாறும்.

எதெல்மிரா ஊரையே கூப்பிட்டாள், பிலிதோரைத் தவிர. நிலத்தை விற்ற நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கொழுந்தனைக் கூப்பிடவில்லை என்று ஊர் குறை சொல்லக் கூடாதே என்று மிங்காவைச் சனிக்கிழமை வைத்தாள். பிலிதோரும் அவன் கூட்டத்தாரும் அட்வென்டிஸ்டு சபைக்காரர்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். துரும்பைக்கூடத் தூக்கமாட்டார்கள்.

“நான் எப்படிக் கூப்பிடுறது ஆர்தேமியோ? பாவம், அவருக்கு ஓய்வுநாள் ஆச்சே” என்று என்னிடம் சொல்லிவிட்டு எதெல்மிரா சிரித்தாள். முன்பல் போன இடம்கூடச் சிரித்தது.

விருந்துக்காக அவள் அந்த வாரம் முழுக்க மட்டி தோண்டினாள். குழி வெட்டி, கல்லைச் சுட்டுப் போட்டு, மட்டியும் பன்றிக்கறியும் கிழங்கும் அடுக்கி, இலை போட்டு மூடி அவிக்க வேண்டும். மிங்கா முடிந்ததும் அதுதான் சாப்பாடு. தோண்டின மட்டியைச் சாக்கில் கட்டி, கரையில் அடித்த முளையில் மாட்டிவிட்டாள். கடல் வந்தால் நனையும், போனால் காற்றாடும். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் வைப்போம். பல்லைக் கிட்டவைக்கும் கடல் எங்களுடையது. அதைவிடப் பெரிய ஃபிரிட்ஜ் எதற்கு?

ஆனால் அந்தக் கோடை வேறு மாதிரி இருந்தது. மழை பேருக்குக்கூட இல்லை. பிள்ளைகள் உதடு நீலம் பாரிக்காமல் சாயங்காலம்வரை கடலில் கிடந்தார்கள். கடல் இறங்கின நேரமெல்லாம் சாக்கு வெயிலில் கிடந்தது. நாங்கள் அதைத் தாண்டித்தான் போனோம், வந்தோம். நல்ல வெயில் என்று மெச்சிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டடியில் மரம் கொடுத்து முடித்தோம். ஆப்பிள் கள் வந்தது. அப்போதுதான் ரோசமெல் சாக்கைப் பார்த்தான்.

ரோசமெல்தான் மிங்காவுக்குத் தலைவன். வாசற்கதவு அளவுக்கு அகலமான ஆள். அவன் குரல் கொடுத்தால் மாடு என்ன, மலையே ஒரு எட்டு வைக்கும் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

“நாளைக்கு வேகப்போறது நாளைக்கு வேகட்டும். இன்னைக்குப் பச்சையா நாலு எடு எதெல்மிரா.”

“பச்சையா வேணாம்டா. இரு, ஒரு கொதி வச்சித் தரேன்.”

“கொதி வச்சா? நான் என்ன பிள்ள பெத்தவளா, பத்தியச் சோறு போடுறே? எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சா மட்டி தானா வெந்துரும். வேகாம மிச்சம் இருந்தா மேல கள்ள ஊத்து.”

மட்டி விஷயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு: சிவப்பு அலை. கடலில் அந்த விஷம் வரும் வருஷத்தில் மட்டி தின்றவன் உதடு மரத்து, மூச்சு நின்று போயிருக்கிறான். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சோதனை வைத்திருக்கிறோம். எதெல்மிரா வீட்டுச் சோதனை அவளுடைய பூனை. கருப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, தொந்தி. எந்த வீட்டு விருந்திலும் முதல் கவளம் அதற்குத்தான். அதனால் பிஷப் என்று பேர் வைத்திருந்தோம்.

ரோசமெல் ஒரு மட்டியைப் பிளந்து பிஷப்புக்குப் போட்டான். பிஷப் தின்றது. நாங்கள் கள்ளைக் குடித்துக்கொண்டே அதன் மூஞ்சியைப் பார்த்தோம். அது மூஞ்சியைக் கழுவிக்கொண்டது, வாசல்வரை நடந்தது, திரும்பி வந்து அடுப்போரம் சுருண்டு குறட்டை விட்டது.

“பிஷப் ஆசீர்வாதம் பண்ணிட்டாரு! எடுங்கடா கத்திய!” என்றான் ரோசமெல்.

மேட்டுப் பாதையில் பிலிதோர் கருப்புக் கோட்டும் வேதப்புத்தகமுமாகச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தான். ரோசமெல் சும்மா விடவில்லை.

“பிலிதோரண்ணே! ஒன்னே ஒன்னு வாயில போட்டுட்டுப் போங்க, பரலோகம் இங்கயே தெரியும்!”

“செதிலும் துடுப்பும் இல்லாதத தின்னக் கூடாதுன்னு எழுதியிருக்கு ரோசமெல்” என்றான் பிலிதோர், நிற்காமலே.

எதெல்மிரா அவன் பக்கம் திரும்பாமல், அவனுக்கு நன்றாகக் கேட்கும்படி, “விட்றா. முழு நெலத்தையும் முழுங்கின தொண்டை. மட்டிக்கு அதுல எடம் ஏது?” என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். எல்லாரும் தின்றோம். பெண்களும் விட்டுவைக்கவில்லை. ரோசமெல் தனக்கென்று ஒரு வாளியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். எதெல்மிரா மட்டும் தின்னவில்லை. பிளக்கவும் பரிமாறவுமே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

சனிக்கிழமை விடிய, கடல் நன்றாக உள்வாங்கியிருந்தபோது மாடுகளைப் பூட்டினோம். வீடு முனகிக்கொண்டே சரிவில் இறங்கியது. ரோசமெல் வீட்டு வாசற்படியில் நின்று குரல் கொடுத்தான். கரையின் நடுவில் ஒரு பாறைப் படுகை இருக்கிறது. அதைத் தாண்டினால் மணல். மணலில் நின்றால் வீடு பூப்போல மிதக்கும். பாறைமேல் நின்றால் ஒரு பக்கம் மிதக்கும், ஒரு பக்கம் தட்டும். இரண்டு அலையில் விறகாகிவிடும்.

பாறைமேல் வீடு ஏறின நேரத்தில்தான் ரோசமெலின் குரல் பாதியில் நின்றது. அவன் வயிற்றைப் பிடித்தான். எங்களைப் பார்த்தான். நாங்கள் ஏதாவது சொல்வோம் என்று எதிர்பார்த்தவன்போல ஒரு கணம் நின்றான். பிறகு வீட்டுக்குள் பாய்ந்து கதவைத் தாழ் போட்டான். எதெல்மிராவின் சலவைத் தொட்டி உள்ளே இருந்தது. அது எழுப்பிய சத்தத்தை வைத்து மற்றதைப் புரிந்துகொண்டோம்.

சிரிப்பதற்கு வாயைத் திறந்தோம். சிரிக்க முடியவில்லை. என் அடிவயிற்றில் யாரோ கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பக்கத்தில் நின்றவன் “ஆர்தேமியோ, மாட்டக் கொஞ்சம் புடி” என்றான். “நீ என் மாட்டப் புடி” என்றேன். இரண்டு பேரும் இரண்டு மாட்டையும் விட்டுவிட்டு ஓடினோம். திரும்பிப் பார்த்தால் ஊரே ஓடி வந்துகொண்டிருந்தது. புதருக்கு அடிபிடி. பெரிய புதர்களை முதலில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் சாமான் கொட்டகைக்குள் புகுந்து உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்கள்.

வேலையை அப்படியே விட மனசு வரவில்லை. எங்கள் மாடுகள் சொந்தக்காரன் குரலுக்கு மட்டும்தான் நகரும். சரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்போம் என்று “முன்னால போ கருப்பா! இழு ராசா!” என்று கத்தினோம். மாடுகள் காதை நிமிர்த்தின. குரல் வந்த திக்கைப் பார்த்தன. ஒவ்வொரு ஜோடியும் அதனதன் எஜமான் உட்கார்ந்திருந்த புதரை நோக்கித் திரும்பியது. கயிறு பின்னிக்கொண்டது. வீடு கிறீச்சிட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

“வாய மூடுங்கடா!” என்று எதெல்மிரா அலறினாள். “மேல ஒன்னு, கீழ ஒன்னு, ரெண்டையும் மூடித் தொலைங்க!”

சுகாதார நிலையத்து நர்ஸ் யாஸ்னா ஒரு வண்டி நிறைய உப்புக் கரைசல் பாட்டிலோடு வந்தாள். புதர் புதராகக் குனிந்து பார்த்தாள்.

“ஒதடு மரத்துப்போச்சா யாருக்காவது?”

“ஒதடு நல்லாத்தான் இருக்கு தாயி.”

“அப்ப சிவப்பு அலை இல்ல. மட்டியப் பச்சையா தின்னீங்களா?”

கடைசிப் புதர் முனகியது: “பூனைக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் தாயி...”

“பூனை என்ன டாக்டருக்கா படிச்சிருக்கு?” யாஸ்னாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “சிவப்பு அலைக்கே அந்தச் சோதனைய நம்ப முடியாது. இது விஷமே இல்ல, கிருமி. கடல் சூடானா பெருகும். வெயில்ல கெடக்குற சாக்குல இன்னும் நல்லாப் பெருகும். நல்லாக் கொதிக்க வச்சா சாகும். எலுமிச்சைக்கும் கள்ளுக்கும் சாகாது, ருசிதான் கூடும். பூனை தின்னது ஒன்னு. நீங்க தின்னது வாளி கணக்கா. கொஞ்சம் கொஞ்சமா இதக் குடிங்க. ரெண்டு மூணு நாள்ல நின்னுரும். ரத்தம் போனாலோ, மூத்திரம் போகலைன்னாலோ, ஜுரம் அடிச்சாலோ உடனே எனக்குச் சொல்லணும்.”

எதெல்மிரா கேட்டுக்கொண்டு நின்றாள். வெயிலில் கிடந்த சாக்கு அவளுடையது. மிங்காவுக்கு வந்தவர்களை இந்தக் கதிக்கு ஆக்கியது அவள் வீட்டுச் சாப்பாடு. சண்டைக்கு நிற்கிறவள், அப்போது இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துத் துடைத்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கடல் பாறைப் படுகையின் ஓரத்தை நக்க ஆரம்பித்துவிட்டது. எதிர்க்கரையிலிருந்து அவள் மருமகன் கொண்டுவந்த படகுகள் தண்ணீரில் காத்திருந்தன. முந்தின ராத்திரி விருந்தில் இல்லாததால் படகுக்காரர்கள் நல்ல வயிறோடு இருந்தார்கள். ஆனால் வீடு தண்ணீருக்கு வந்தால்தானே அவர்களுக்கு வேலை.

சபைக் கட்டடம் என் புதருக்கு நேர் மேலே. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. சேற்றுக்காலோடு எதெல்மிரா அதன் வாசலில் போய் நின்றாள். பாட்டு நின்றது.

“கொழுந்தனாரே.”

“சொல்லுங்க அண்ணி.”

“உங்கள மிங்காவுக்குக் கூப்பிட வந்திருக்கேன்.”

“இன்னைக்கா?”

“இன்னைக்குத்தான்.”

“நாள் குறிச்சது யாரு அண்ணி?”

“நான்தான்.”

“தெரிஞ்சுதானே குறிச்சீங்க?”

“தெரிஞ்சுதான்.” எதெல்மிரா ஒரு மூச்சு விட்டாள். “நெலத்த வித்தது யாரு கொழுந்தனாரே?”

“நான்தான்.”

“அண்ணன் பொண்டாட்டி அதுல குடியிருக்கான்னு தெரிஞ்சுதானே வித்தீங்க?”

பிலிதோர் கையிலிருந்த வேதப்புத்தகத்தை மூடினான். பிறகு தாழ்ந்த குரலில், “மிங்கான்னா வேலை அண்ணி. ஓய்வுநாள்ல என்னால முடியாது. பொழுது சாஞ்சதும் எல்லாரையும் கூட்டிட்டு வரேன்” என்றான்.

“பொழுது சாயும்போது என் வீடு பலகை பலகையாப் போகும். நீங்க வந்து பொறுக்குங்க.”

அவள் திரும்பின நேரத்தில்தான் வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மலையை நகர்த்தும் குரல், இப்போது கன்றுக்குட்டி போல.

“யாராச்சும் இருக்கீங்களா! தண்ணி உள்ள வருது! அம்மா!”

“யாரு அது?” என்றான் பிலிதோர்.

“ரோசமெல். உள்ள தாழ் போட்டுக்கிட்டான்.”

சபைக்குள் குசுகுசுவென்று பேச்சு. ஒரு பெண் சொன்னாள்: “மாடு குழியில விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு இருக்கே.”

“ரோசமெல் மாடா?” என்றார் ஒருவர்.

“எட போட்டுப் பாத்தா வித்தியாசம் தெரியாது.”

பிலிதோர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “உயிரக் காப்பாத்துறது வேலை ஆகாது. வாங்க” என்றான்.

அவர்கள் தங்கள் மாடுகளோடு இறங்கி வந்தார்கள். மட்டியையும் கள்ளையும் தொடாதவர்கள் என்று கேலி செய்து நாங்கள் ‘வறண்ட வாய்க்காரங்க’ என்று பேர் வைத்த அத்தனை பேரும், முகத்தில் நல்ல ரத்தத்தோடு, நிமிர்ந்த நடையோடு எங்கள் புதர்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. அந்தத் தயவைத்தான் தாங்க முடியவில்லை.

பிலிதோர் கதவைத் தட்டினான். “ரோசமெல், வெளிய வா.”

“வர முடியாதுண்ணே.”

“ஏன்?”

“கால்சட்டை இல்ல. அலசலாம்னு ஜன்னல் வழியா தண்ணியில தொங்கவிட்டேன். கடல் கொண்டுபோயிருச்சு.”

கொழுகொழுவென்று இருந்த ஒரு சபைக்காரர் தன் மேல்சட்டையை அவிழ்த்து ஜன்னல் வழியாக நீட்டினார். “இத இடுப்புல கட்டிக்கிட்டு வா தம்பி.” உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

எதெல்மிரா ஓடிப் போய்க் கதவில் முதுகைக் கொடுத்தாள். “வெளிய கால வச்சே, ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!”

“எதெல்மிரா, தண்ணி கணுக்காலுக்கு வந்துருச்சு!”

“கணுக்கால்தானே? கெட. நீ உள்ள இருக்குறவரைக்கும்தான்டா என் வீட்ட இழுக்க ஆளு!”

அவள் குசுகுசுவென்றுதான் சொன்னாள். ஆனால் அவள் குசுகுசுப்பு எதிர்க்கரைக்குக் கேட்கும். பிலிதோர் கடலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான்.

“அண்ணி, உண்மையச் சொல்லுங்க. அவன் வெளிய வர முடியுமா, முடியாதா?”

“முடியாது கொழுந்தனாரே. ரொம்ப ஆபத்தான நெலைமை.”

“முடியும்ணே!” என்றது வீடு.

“முடியாது!” என்று புதர்கள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. நானும் கத்தினேன். அன்றைக்கு மிங்காவுக்கு நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

பிலிதோர் தலையை ஆட்டினான். “வேற வழியில்ல. ஆளத் தனியா எடுக்க முடியாது. வீட்டோடதான் காப்பாத்தணும்.”

எங்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு அவர்கள் மாடுகளைப் பூட்டினார்கள். பிலிதோர் குரல் கொடுக்கவில்லை; ஏதோ பாட்டை ராகமாக இழுத்தான், மாடுகள் அதற்கு நடந்தன. வீடு பாறையை விட்டுச் சரிந்து மணலில் உட்கார்ந்தது. டிரம்களைக் கட்டினார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் யாராவது ஒருவர், “ரோசமெல், உயிரோட இருக்கியா?” என்று சம்பிரதாயமாகக் கேட்டுக்கொண்டார்கள். “இருக்கேன்” என்றான் அவன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோபமாக.

மத்தியானம் பெரிய ஏற்றம் வந்தது. வீடு ஒருமுறை குலுங்கியது, எழுந்தது. மருமகனின் படகுகள் கயிற்றை இறுக்கின. வீடு கடலில் போவதைப் புதருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தோம். ஜன்னலில் ரோசமெல், சபைக்காரரின் சட்டை இடுப்புக்குப் பத்தாமல் எதெல்மிராவின் பூப்போட்ட மேசை விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு சவக்களையோடு நின்றான். அவன் பக்கத்தில் பிஷப், இதெல்லாம் தனக்காக ஏற்பாடான ஊர்வலம்போல உட்கார்ந்திருந்தது. எழுந்து நின்று கை தட்டினோம். உடனே மறுபடி உட்கார வேண்டியதாயிற்று.

சாயங்காலம் உப்புத் தண்ணீரின் தெம்பில் நான் எதிர்க்கரைக்குப் போனேன். மிங்காவுக்குப் போய்விட்டு விருந்துக்குப் போகாமல் இருப்பது மரியாதை இல்லை. வீடு புது இடத்தில், லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் முழுசாக நின்றது. ரோசமெல் உள்ளே படுத்திருந்தான். யாஸ்னா அவன் வாயில் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மட்டிச் சாக்கை அவள் முன்னிலையிலேயே ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தாயிற்று. எதெல்மிராவிடம் மிச்சம் இருந்தது உருளைக்கிழங்கும் வெண்ணெயும்தான். பெரிய பானையில் அது கொதித்துக்கொண்டே இருந்தது. எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் இன்னும் ஒரு கொதி வரட்டும் என்றாள்.

பொழுது சாய்ந்தது. ஒரு படகு வந்தது. பிலிதோர் இறங்கி வாசலுக்கு வெளியே நின்றான்.

“மிங்காவுக்குக் கூப்பிட்டீங்களே அண்ணி. இப்பதான் வர முடிஞ்சுது.”

எதெல்மிரா நிறைய கிழங்கை அள்ளித் தட்டில் போட்டு, மேலே வெண்ணெய் வைத்து, மேசையில் காலி இடத்தில் வைத்தாள். பிலிதோர் உள்ளே வந்து உட்கார்ந்தான். ஒரு துண்டை எடுத்தவன், தின்னாமல் குனிந்து பிஷப்புக்குப் போட்டான். பிஷப் மோந்து பார்த்தது, திரும்பிக்கொண்டது. மேசையில் இருந்த எல்லாருடைய கையும் அந்தரத்தில் நின்றது.

எதெல்மிராவின் முகம் சிவந்தது. பிலிதோரின் தாடைதான் முதலில் ஆடியது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, முகத்தை இறுக்கியே வைத்திருந்தாள்.

“அது கெழங்கு தின்னாது கொழுந்தனாரே. நீங்க சாப்பிடுங்க. ஆறிடப்போகுது.”

பிலிதோர் சாப்பிட்டான். நாங்களும் எடுத்தோம்.

உள்ளேயிருந்து ரோசமெல் ஈனக்குரலில் கேட்டான்: “நல்லா வெந்திருக்கா?”